ஒருமுறைதான் கேட்பார்கள்

ஈரப் பஞ்சில் மூன்று நாள் கிடந்து முளைவிட்ட பச்சைப்பயற்றுக்கு ஒரு வாடை உண்டு. மழைத்தண்ணீர் தேங்கிய வாளியும் பச்சைப் புல்லும் சேர்ந்தாற்போன்ற அந்த வாடை எங்காவது மூக்கில் பட்டால், சிங்கப்பூரில், புக்கிட் பாஞ்சாங்கில் நான் படித்த தொடக்கப்பள்ளியின் நான்காம் வகுப்பறைதான் எனக்கு உடனே நினைவுக்கு வரும். ஜன்னலோரம் வரிசையாக பிளாஸ்டிக் கிண்ணங்கள். ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒரு பிள்ளையின் பெயர் எழுதி ஒட்டிய தாள். ஒருநாள் எங்கள் அறிவியல் ஆசிரியை பூதக்கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்து, வேரின் நுனியில் முடிபோல இருக்கும் மெல்லிய இழைகளைக் காட்டப்போவதாகச் சொல்லி, வகுப்பைப் பார்த்து, "ஹூ வான்ட்ஸ் டு சீ?" என்று கேட்டார். முப்பதுக்கும் மேற்பட்ட கைகள் உயர்ந்தன. என் கை மட்டும் மேசையை விட்டு எழவில்லை. ஆசை இல்லாமல் இல்லை; கண்ணாடி அவருடைய பையிலிருந்து வெளியே வந்த கணத்திலிருந்து நான் வேறெதையும் பார்க்கவில்லை. ஆனால் கேட்டவுடன் கையை நீட்டுவது எங்கள் வீட்டுப் பழக்கமில்லை. அவர் இன்னொருமுறை கேட்பார், நான் கூச்சப்படுவேன், மூன்றாவது முறை கேட்கும்போது எழுந்து போவேன் என்று முறைப்படி காத்திருந்தேன். அவர் மறுபடி கேட்கவில்லை. கை தூக்கியவர்கள் எல்லாரும் வரிசையில் நின்று பார்த்து முடித்தார்கள், மணி அடித்தது, கண்ணாடி பைக்குள் போய்விட்டது.

ஆங்கிலத்தில் ஒருமுறைதான் கேட்பார்கள் என்பதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். அடுத்த முறை யாராவது "வான்ட் டு சீ?" என்று கேட்டால், கேள்வி முடிவதற்குள் "யெஸ்" சொல்லிவிட வேண்டும் என்று அன்று மாலை வீட்டுக்கு நடந்து வரும்போதே முடிவு செய்துகொண்டேன்.

வீட்டில் சட்டம் வேறு. என் தாய் நாகப்பட்டினத்துப் பக்கத்தில் கடற்கரை ஊர் ஒன்றில் பிறந்து, கல்யாணமாகி சிங்கப்பூருக்கு வந்தவர். யார் வீட்டுக்குப் போனாலும், அவர்கள் தேநீரோ பலகாரமோ எடுத்துக்கொள்ளச் சொன்னால், முதல்முறை "வேணாம்" என்று சொல்ல வேண்டும். இரண்டாம் முறையும் "வேணாம்" தான், ஆனால் குரல் கொஞ்சம் இறங்கியிருக்கலாம். மூன்றாவது முறை கேட்டால் வாங்கிக்கொள்ளலாம். மூன்றாவது முறையும் வேண்டாமென்று சொன்னால்தான் உண்மையாகவே வேண்டாமென்று பொருள். கொடுப்பவர்களுக்கும் இது தெரியும் என்பதால் இதில் ஒரு குழப்பமும் வந்ததில்லை. எங்கள் அடுக்குமாடி புளோக்கில் அம்மா போய்வந்த வீடுகள் எல்லாம் நம் ஆட்களின் வீடுகள். நாங்கள் மக்சிக் என்று கூப்பிடும் எதிர்வீட்டு மலாய்க்கார அம்மாவோ நான்கு முறை கேட்டுவிட்டு, ஐந்தாவது முறை கேட்காமலேயே தட்டைக் கையில் திணித்துவிடுவார். "கேட்டதும் கைய நீட்டுனா, வீட்டுல சோறு போடாத புள்ளன்னு நெனைப்பாங்க" என்பது அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்தது. இன்றைக்கு யோசித்தால், அம்மா வாய்திறந்து எதையும் வேண்டுமென்று சொல்லி நான் கேட்டதே இல்லை.

பார்ப்பதற்கும் அதே கதைதான். பள்ளியில் ஆசை என்பது வாக்கியத்தின் முன்வரிசையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கும். ஐ வான்ட் டு சீ, ஐ வான்ட் டு ஹியர் என்று நாள் முழுவதும் யாராவது எதையாவது பார்க்கவும் கேட்கவும் விரும்பிக்கொண்டே இருப்பார்கள், அதற்காக யாரும் வெட்கப்பட மாட்டார்கள். எங்கள் வீட்டில் யாருக்காவது யாரையாவது பார்க்க ஆசை வந்தால், காய்ச்சல் வந்ததைச் சொல்வதுபோல, "பாக்கணும் போல இருக்கு" என்பார்கள். ஆசைப்பட்டது நானில்லை, அது பாட்டுக்கு வந்திருக்கிறது, என்ன செய்ய என்கிற தோரணை. என் தகப்பனாரை நாங்கள் அத்தா என்று கூப்பிடுவோம். அவர் சாங்கி விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் வேலையில் இருந்தார். அவருடைய பதில் எப்போதும் "பாக்கலாம்". காலுக்குப் புதுச் சப்பாத்துக்கும் "பாக்கலாம்", மிருகக்காட்சிசாலைக்கும் "பாக்கலாம்". அந்தச் சொல்லுக்கு எங்கள் அகராதியில் "இல்லை" என்று பொருள். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவருடைய "பாக்கலாம்" நடந்துவிடும். அது சாதிக் மாமாவைப் பார்க்கப் போவது.

சாதிக் மாமா அம்மாவின் ஒரே தம்பி. அம்மாவை விட எட்டு வயது இளையவர். அம்மா இடுப்பில் தூக்கிச் சுமந்து வளர்த்த பிள்ளை. அவர் கப்பல் பட்டறை வேலைக்கு சிங்கப்பூர் வந்தபோது எனக்கு ஒன்பது வயது. ஆறு நாள் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மற்ற தொழிலாளர்களோடு, நம் ஆட்கள் கூடும் தேக்காவுக்கு வருவார். சனிக்கிழமை சாயங்காலம் அரிசி களையும்போதே அம்மா, "தம்பியப் பாக்கணும் போல இருக்கு" என்று பொதுவாகச் சுவரிடம் சொல்வார். அத்தா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல் "பாக்கலாம்" என்பார். மறுநாள் காலை தூக்குச்சட்டியில் கறியும் சோறும் பேருந்தில் எங்கள் மடியில் இருக்கும். தேக்காவில் திடல் ஓரமாக, புல்லில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்து மாமா சாப்பிடுவார். அம்மா பேசக்கூட மாட்டார், அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். மாமா என்னை "இங்கிலீஷ்காரி" என்று கூப்பிடுவார். "ஏ இங்கிலீஷ்காரி, எங்க ஃபோர்மேன் நேத்து என்னமோ சொல்லித் திட்டுனான், அதுக்கு என்ன அர்த்தம் சொல்லு" என்று கேட்பார். அவர் சொன்ன சொற்களுக்கு அர்த்தம் தெரிந்தாலும் அம்மா முன்னால் சொல்ல முடியாது.

இங்கிலீஷ்காரி என்ற பட்டம் எனக்குப் பிடித்திருந்தது. அம்மாவுக்கு ஆங்கிலம் அறவே வராது. பாலிகிளினிக்கில், தபால் நிலையத்தில், தண்ணீர் ஒழுகுகிறது என்று நகர மன்றத்தில் புகார் சொல்லப் போகும்போது, எல்லா இடத்திலும் நான்தான் அவருடைய வாய். என்னைக் கூட்டிக்கொண்டு போகாமல் அவர் கடிதம் ஒன்றுகூட அனுப்பியதில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையைத் தொடாத வயதில், பெரியவர்கள் இருவர் என் வாயைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பது எனக்குத் தலைகால் புரியாத பெருமை. அம்மா சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன். கிளினிக்கில் ஒரு டாக்டர் "குட் கேர்ள்" என்று இனிப்புகூடக் கொடுத்தார். அவர் ஒருமுறைதான் நீட்டினார், நான் வாங்கிக்கொண்டேன். வெளியே வந்ததும் அம்மா என் காதைத் திருகினார்.

மாமா வந்து ஒரு வருடம் இருக்கும், ஒரு வியாழக்கிழமை மத்தியானம், நான் பள்ளி விட்டு வந்து சீருடையோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வீட்டுத் தொலைபேசி அடித்தது. மாமாவோடு வேலை செய்யும் ஒருவர். மாமா சாரத்திலிருந்து விழுந்துவிட்டார், கால் மோசமாக நொறுங்கியிருக்கிறது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்று சொல்லி, ஆஸ்பத்திரியின் பெயரையும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அத்தா சாங்கியில் வேலையில் இருந்தார். தீவின் அந்தக் கோடியில். அவர் அலுவலகத்துக்கு நான்தான் பேசித் தகவல் விட்டேன். என்னைக் கை கழுவக்கூட விடாமல் அம்மா டாக்சியில் ஏற்றினார். வழியெல்லாம் ஓதிக்கொண்டே வந்தார்.

ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைப் பகுதியின் கதவுக்கு வெளியே நீல நிற நாற்காலிகள் போட்டிருந்தார்கள். உள்ளே போகக் கூடாது என்றார்கள். உட்கார்ந்து கொஞ்ச நேரம் ஆனதும் யாரோ ஒருவரைத் தள்ளுகட்டிலில் வைத்து எங்களைக் கடந்து கொண்டுபோனார்கள். மாமா இல்லை, வேறு யாரோ. போர்வையை மீறி ஒரு கை தொங்கிக்கொண்டிருந்தது, கட்டெல்லாம் இரத்தம். நான் அம்மாவின் புர்காவுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். மாமாவும் உள்ளே இப்படித்தான் கிடப்பார் என்று எனக்குத் தோன்றிவிட்டது. அதன்பிறகு அந்தக் கதவு திறக்கக் கூடாது என்பது ஒன்றுதான் என் வேண்டுதல்.

கதவு திறந்தது. வெளியே வந்த தாதி சீனப் பெண், அவசரத்தில் இருந்தார். மாமாவின் பெயரைச் சொல்லி, உறவினர் யார் என்று கேட்டார். நான் எழுந்து, இவர் அக்கா என்றேன். "கோயிங் இன் ஆல்ரெடி. டூ மினிட்ஸ் ஒன்லி. ஷீ வான்ட் டு சீ ஹிம் ஆர் நாட்?" என்றார்.

நான் அம்மாவிடம் திரும்பி, "இப்ப ஆபரேஷனுக்குக் கொண்டுபோறாங்களாம். மாமாவப் பாக்கணுமான்னு கேக்குறாங்க. ரெண்டு நிமிஷம்தானாம்" என்றேன். ஒரு சொல்லும் கூடவில்லை, குறையவில்லை.

அம்மா, "வேணாம்மா, நமக்காக அவங்களுக்கு எதுக்குச் சிரமம், அவங்க வேலையப் பாக்கட்டும்னு சொல்லு" என்றார்.

அப்படிச் சொல்லும்போதே அவர் கைப்பையை என் மடியில் வைத்துவிட்டார். நாற்காலிக்கடியில் கழற்றிவிட்டிருந்த செருப்பில் ஒரு காலை நுழைத்தாயிற்று, இன்னொரு கால் மற்ற செருப்பைத் தேடிக்கொண்டிருந்தது. முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். வாய்தான் வேண்டாம் என்றது. ஆள் பாதி தூரம் உள்ளே போயாயிற்று. அந்தத் தாதி இன்னொருமுறை கேட்க வேண்டும், அவ்வளவுதான். அதைக்கூட அவர் ஆசைப்பட்டுக் காத்திருந்தார் என்று சொல்ல முடியாது. மூச்சு விடுவதுபோல, அது தானாக நடக்கும் என்று நம்பியிருந்தார்.

அது நடக்காது என்பது எனக்குத் தெரியும். அந்த நடைபாதையில் இரண்டு சட்டமும் தெரிந்த ஒரே ஆள் நான்தான். "யெஸ்" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஆனால் அம்மா உள்ளே போனால், அவருடைய வாயாக நானும் போக வேண்டும். மாமாவைப் பார்க்க வேண்டும். எனக்குப் பார்க்க வேண்டாம்.

"ஷீ சே நோ நீட்" என்றேன்.

"ஓகே" என்று சொல்லிவிட்டுத் தாதி போய்விட்டார். கதவு மூடிக்கொண்டது. அம்மா ஒரு காலில் செருப்போடு நின்றுகொண்டிருந்தார்.

"என்ன சொன்னாங்க?"

"சரின்னுட்டாங்க."

அம்மா கதவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கேட்கப்போகிறார் என்று நினைத்தேன், கேட்கவில்லை. என் மடியிலிருந்த பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சாயங்காலம் அத்தா வேலைச் சீருடையோடு ஓடிவந்து சேரும்வரை அந்த நாற்காலிகளிலேயே இருந்தோம்.

மாமா பிழைத்துக்கொண்டார். கால் தப்பியது, ஆனால் மற்றக் காலைவிடக் குட்டையாகிவிட்டது. மூன்றாம் நாள்தான் பார்க்க விட்டார்கள். அம்மா கஞ்சி வைத்துக் கொண்டுபோனார். பிளாஸ்க்கை நான் தூக்கிக்கொண்டு கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். மாமா வழக்கம்போல என்னை இங்கிலீஷ்காரி என்று கூப்பிடவில்லை. அம்மா தலையைத் தடவப்போனதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அன்னக்கி நாந்தான் அந்த நர்சக் கெஞ்சிக் கேட்டேன், எங்க அக்காவ ஒரு தடவ காட்டுங்கன்னு. எனக்குத் தெரிஞ்ச அரகொற இங்கிலீசுல. அவ போய்ட்டு வந்து, ஒங்க அக்கா வேணாம்னுட்டாங்கன்னா. உண்மையா?"

அம்மா சொல்லியிருக்கலாம்: புள்ள அப்படியே சொல்லிட்டாடா, நான் ஒரு மரியாதைக்குச் சொன்னேன். அது உண்மையும்கூட. அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

"உண்மதான் தம்பி" என்றார். "எனக்குப் பயமா இருந்துச்சு. ஒன்ன அந்தக் கோலத்துல பாக்கத் தைரியம் வரல."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்போது எனக்கு வந்தது நிம்மதிதான். அம்மாவுக்கும் பயமாகத்தான் இருந்திருக்கிறது, நல்லவேளை நான் "யெஸ்" சொல்லவில்லை, இல்லாவிட்டால் அம்மாவை மாட்டிவிட்டிருப்பேன் என்று நினைத்தேன். பத்து வயதில் பெரியவர்கள் சொல்வதை நம்புவது எவ்வளவு வசதியோ அவ்வளவு நம்பினேன்.

சில மாதங்களில் மாமாவை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து கடிதங்கள் வந்தன. எல்லாம் அத்தாவுக்கு, "மச்சான் அவர்களுக்கு" என்று தொடங்கும். அத்தாவின் சுகம், என் படிப்பு, எதிர்வீட்டு மக்சிக்கின் பூனை வரைக்கும் விசாரிப்பார். அக்காவை விசாரிக்க மாட்டார். அத்தா கடிதத்தை உரக்கப் படித்து முடித்ததும் அம்மா சற்று நேரம் காத்திருப்பார், இன்னும் ஒரு பக்கம் இருக்கும் என்பதுபோல. பின்னாளில் ஊரில் பார்த்துக்கொண்டார்கள், கல்யாணம் காட்சிக்குப் பேசிக்கொண்டார்கள். மாமா "வாங்க" என்பார், "சாப்பிட்டீங்களா" என்பார். அக்கா என்று கூப்பிடுவதை மட்டும் எப்படியோ தவிர்த்துவிடுவார். சனிக்கிழமை சாயங்காலங்களில் அம்மா அரிசி களைந்தார். "தம்பியப் பாக்கணும் போல இருக்கு" என்று அதன்பிறகு சொல்லவே இல்லை.

எனக்குப் புத்தி வர இருபது வருடத்துக்கு மேல் ஆயிற்று. அத்தாவுக்கு இருதய அறுவை சிகிச்சை நடந்து, உடம்பெல்லாம் குழாயோடு படுத்திருந்தபோது, நான் உள்ளே போக முடியாமல் வாசலிலேயே நின்றேன். அம்மா நேராகப் போய், ஒவ்வொரு குழாயாக ஒதுக்கி, அத்தாவின் நெற்றியில் கைவைத்து ஓதினார். கை கொஞ்சமும் நடுங்கவில்லை. அம்மாவுக்குப் பயமா? அன்றைக்கு மாமாவிடம் சொன்ன அந்தப் பயம் அம்மாவுடையது இல்லை, என்னுடையது. ஒரு காலில் செருப்போடு நின்று என் முகத்தைப் பார்த்த அந்த நேரத்திலேயே அவருக்கு எல்லாம் புரிந்திருக்கிறது. புரிந்துகொண்டு, மூன்றாம் நாள் அதை எடுத்துத் தன்மேல் போட்டுக்கொண்டார். தம்பியின் கோபம் அதோடு சேர்ந்தே வந்தது. ஒருவருக்கும் தெரியாமல் அதைச் சுமந்திருக்கிறார்.

தெரிந்தபிறகும் நான் வாயைத் திறக்க இன்னும் பத்து வருடம் ஆயிற்று என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பேசியே பெயர் வாங்கியவள் நான்.

இப்போது ஆஸ்பத்திரிகளில் பிள்ளைகளை யாரும் பேசச் சொல்வதில்லை. தாதியின் கைப்பேசியே தமிழ் பேசுகிறது. அது இல்லாவிட்டால் மொழிபெயர்ப்பாளரை அழைக்கிறார்கள். சின்னப் பிள்ளையை நடுவில் நிறுத்திக் கேட்கும் வழக்கம் போய்விட்டது, நல்லதுதான். நான்கு முறை கேட்கும் மக்சிக் இல்லை. அந்த வீட்டில் இப்போது இருப்பவர்களின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. என் மகளிடம் யாராவது எதையாவது நீட்டினால், என்னவென்று தெரிவதற்கு முன்பே "யெஸ் ப்ளீஸ்" என்கிறாள். நான் காதைத் திருகுவதில்லை. விருந்தாளிகளிடம் நானும் ஒருமுறைதான் கேட்கிறேன். இரண்டு வேணாம் சொல்லும் ஆட்களில் எனக்குத் தெரிந்து மிச்சமிருப்பது அம்மா ஒருவர்தான். வெளியில் எங்கே போனாலும் பாதி நாள் வெறும் வயிற்றோடு திரும்பி வருகிறார்.

போன வருடம் மாமாவின் கடைசி மகளுக்கு நிக்காஹ். முட்டிவலியால் அம்மாவால் பயணம் செய்ய முடியவில்லை. நான் மட்டும் போனேன். விருந்து முடிந்து, வந்தவர்கள் கலைந்து, பந்தலில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த பிற்பகல் நேரத்தில் மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். தாதி என்ன கேட்டார், அம்மா என்ன சொன்னார், அப்போது அம்மாவின் கால் என்ன செய்துகொண்டிருந்தது, நான் எதற்காக அப்படிச் சொன்னேன். மாமா குட்டைக் காலைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"பயந்துட்டேன்னு அவ சொன்னப்பவே பொய்யின்னு எனக்குத் தெரியும்" என்றார் கடைசியில். "எங்க அக்கா எதுக்கும் பயந்தவ இல்ல. நொண்டியாப் போன என்னயத் தலையில கட்டிருவாங்களோன்னு ஒதுங்கிட்டான்னு நெனச்சேன். முப்பது வருசம் அப்படித்தான் நெனச்சிட்டு இருந்தேன் புள்ள."

கைப்பேசியை எடுத்து என்னிடம் கொடுத்து, அம்மாவின் எண்ணைப் போடச் சொன்னார். நான் போட்டு, ஒலிபெருக்கியை அழுத்தி, அவர் கையில் கொடுத்தேன்.

"அக்கா" என்றார் மாமா. கைப்பேசியை வாய்க்கு அருகில் கொண்டுபோய், "புள்ள எல்லாத்தையும் சொல்லிருச்சுக்கா" என்றார்.

அந்தப் பக்கமிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"அவளத் திட்டுனியா?"

"இல்லக்கா."

"திட்டாத. சின்னப் புள்ள."

அன்றைக்கு எனக்கு நாற்பத்தொரு வயது.